மருந்துக்குப் பெயர் எதற்கு?

சுசீந்திரத்தைத் தாண்டிக் கன்னியாகுமரி போகும் வழியில், இடதுகைப் பக்கம் ஒரு மலை தெரியும். மருந்துவாழ் மலை என்று அதற்குப் பெயர். அநுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு இலங்கைக்குப் பறந்தபோது அதிலிருந்து சிதறி விழுந்த துண்டு இது என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். சுசீந்திரம் கோயிலுக்குள் 18 அடி உயரத்தில் கூப்பிய கையோடு நிற்கும் ஆஞ்சநேயரைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்தக் கதையை நம்புவதில் கஷ்டம் ஒன்றும் இராது.

கதை உண்மையோ பொய்யோ, அதற்குள் ஒரு நல்ல சங்கதி இருக்கிறது. அநுமனிடம் ஜாம்பவான் மூலிகைகளின் பெயர்களைச் சொல்லித்தான் அனுப்பினார். பெயர் தெரிந்தும் மூலிகையை அடையாளம் காண முடியவில்லை. சந்தேகம் வேண்டாம் என்று மலையையே பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டான். அவனுக்குத் தோள்பலம் இருந்தது, செய்தான். நமக்கு அது கிடையாது. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மருந்துக் கடைக்காரரிடம் நீட்டுகிறோம். அவர் எடுத்துக் கொடுக்கும் அட்டையில் என்ன பெயர் போட்டிருக்கிறதோ அதை நம்பி விழுங்குகிறோம். அந்தப் பெயர் யார் வைத்தது, எதற்காக வைத்தது, அதற்கு நாம் எவ்வளவு விலை கொடுக்கிறோம் என்று யோசிப்பதில்லை. அந்தப் பெயரின் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இப்போதைய மாத்திரை ஒவ்வொன்றுக்கும் மூன்று பெயர்கள் உண்டு. முதலாவது, ரசாயன சாஸ்திரிகள் வைத்த நீளமான பெயர். அதைச் சொல்லி முடிப்பதற்குள் காய்ச்சல் தானாகவே இறங்கிவிடும். இரண்டாவது, உலகத்தார் எல்லாருக்கும் பொதுவான பெயர். பாராசிட்டமால் என்பது போல. மூன்றாவது, தயாரிக்கிற கம்பெனி வைத்துக்கொள்ளும் செல்லப் பெயர். குரோசின் என்றும் கால்பால் என்றும் டோலோ என்றும் நாம் கேட்பதெல்லாம் பாராசிட்டமாலின் செல்லப் பெயர்களே. பொதுப் பெயரிலேயே விற்கும் மருந்தை இப்போது ஜெனரிக் மருந்து என்கிறோம். செல்லப் பெயரில் விற்பது பிராண்ட் மருந்து. உலக சுகாதார ஸ்தாபனம் சர்வதேசப் பொதுப் பெயர்களின் முதல் பட்டியலை 1953-இல் வெளியிட்டது. சுதந்திர இந்தியாவின் மருந்து நூல், அதாவது எந்த மருந்து எப்படி இருக்க வேண்டும் என்று இலக்கணம் சொல்லும் ‘இந்தியன் பார்மகோப்பியா’, 1955-இல் வந்தது.

செல்லப் பெயர் சில சமயம் ஊர்ப் பெயராகிவிடுவதும் உண்டு. ஆஸ்பிரின் என்பது 1899-இல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி வைத்த சொந்தப் பெயர். முதல் உலக யுத்தம் வந்தது, ஜெர்மானியர் தோற்றார்கள். 1921-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, “ஜனங்கள் எல்லாரும் அந்த மருந்துக்கே இதுதான் பெயர் என்று நினைக்கிறார்கள், இனி இது ஒருவருக்குச் சொந்தமில்லை” என்ற கருத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அன்று முதல் அங்கே யார் வேண்டுமானாலும் ஆஸ்பிரின் விற்கலாம் என்றாயிற்று. மாத்திரையில் இருந்த சரக்கு முந்தின நாளும் மறுநாளும் ஒன்றேதான். மாறியது உரிமை மட்டுமே.

நாஞ்சில் நாட்டில் பழைய நாளில் இந்தச் சிக்கல் இல்லை. கோட்டாற்றுக் கடைத்தெருவில் சுக்கு சுக்காகவும் திப்பிலி திப்பிலியாகவும் விற்றன. வர்ம ஆசான் காய்ச்சிக் கொடுக்கும் தைலத்துக்கு ஆசானின் கைராசிதான் முத்திரை. பிறகு இங்கிலீஷ் வைத்தியம் வந்தது. நாஞ்சில் நாட்டுக்கு மேற்கே நெய்யூரில், லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838-இல் வைத்தியம் செய்யத் தொடங்கினார். எவரெஸ்ட் சிகரத்தை நோக்கி 1922-லும் 1924-லும் ஏறிய குழுக்களில் இருந்த டாக்டர் சாமர்வெல், மலையை விட்டு இறங்கி வந்து வருஷக்கணக்காகக் கத்தி பிடித்ததும் இதே நெய்யூரில்தான். நாகர்கோவிலில் இரட்சணிய சேனையின் காதரின் பூத் ஆஸ்பத்திரி எழுந்தது.

அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகளை நினைத்துப் பாருங்கள். நோயாளி வீட்டிலிருந்து புட்டி கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் பெரிய ஜாடியிலிருந்து மிக்சரை ஊற்றிக் கொடுப்பார். வேளைக்கு எவ்வளவு என்று காட்டக் காகிதத்தைப் பல் பல்லாகக் கத்தரித்துப் புட்டியில் ஒட்டியிருப்பார். அந்தச் சிவப்புத் தண்ணீருக்கு யாரும் பெயர் கேட்டதில்லை. “ஆஸ்பத்திரி மருந்து” என்றால் போதும். அதாவது நம் தாத்தாக்கள் சாப்பிட்டதெல்லாம் ஒருவகையில் ஜெனரிக் மருந்துதான்!

விலை உயர்ந்த மருந்தா, மலிவான மருந்தா என்ற கேள்விக்கு உலகத்திலேயே முதன்முதலாகக் கணக்கெடுத்துப் பதில் சொன்ன இடங்களில் நம் சென்னை ராஜதானியும் ஒன்று என்பது பலருக்குத் தெரியாது. குளிர்காய்ச்சலுக்குக் கொயினா ஒன்றுதான் மருந்தாக இருந்த காலம். தென் அமெரிக்காவிலிருந்து சிங்கோனா மரத்தைக் கொண்டுவந்து 1860-ஐ ஒட்டி நீலகிரியில் நட்டார்கள். அதன் பட்டையில் கொயினா மட்டுமா இருக்கிறது? அதன் பங்காளிகள்போல் கொயினிடின், சிங்கோனிடின், சிங்கோனின் என்று இன்னும் மூன்று சரக்குகள் இருந்தன. ஐரோப்பாவில் கொயினாவுக்கே மதிப்பு; மற்ற மூன்றும் மட்டமானவை என்று எண்ணம். இந்த எண்ணம் சரிதானா என்று பார்க்க 1866-இல் சென்னையில் ஒரு கமிஷன் ஏற்பட்டது.

அந்தக் கமிஷனுக்கு டாக்டர்கள் தனித்தனியே நான்கு சரக்குகளையும் கொடுத்துக் கணக்கு எழுதினார்கள். மொத்தம் 2,472 காய்ச்சல்காரர்கள். அவர்களில் குணமாகாதவர்கள் 27 பேர் மட்டுமே. ஆயிரத்துக்கு இத்தனை பேர் என்று பிரித்துப் பார்த்தால், தவறியவர்கள் கொயினாவில் 7, கொயினிடினில் 6, சிங்கோனிடினில் 10, சிங்கோனினில் 23. மட்டம் என்று ஒதுக்கியவற்றுள் ஒன்று ராஜாவுக்குச் சமமாக நின்றது. ஒன்று சற்றே பின்னால் வந்தது. கடைசியானதும் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிட்டது. இவை நான்கும் ஒரே மருந்தல்ல. ஆகையால் இதை இன்றைய ஜெனரிக் மருந்தோடு நேராக ஒப்பிட முடியாது. ஆனால் வழி ஒன்றுதான். மருந்தின் மதிப்பை விலை சொல்லாது, பெயர் சொல்லாது, சோதனைதான் சொல்லும். நம் ஊர்க் காய்ச்சல்காரர்கள் அந்தப் பாடத்தைத் தங்கள் உடம்பைக் கொடுத்து எழுதி வைத்தார்கள். பிற்பாடு பிரிட்டிஷ் இந்தியாவில் தபாலாபீசுகளில்கூடக் காலணாப் பொட்டலமாகக் கொயினா விற்றது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நாஞ்சில் நாட்டாருக்குச் சொத்துச் சட்டம் என்றால் தனி ருசி உண்டு. மாமன் சொத்து மருமகனுக்கு என்ற மருமக்கள் வழியில் தலைமுறை தலைமுறையாக வழக்காடியவர்கள் அல்லவா? மருந்திலும் அப்படி ஒரு சொத்துரிமை உண்டு. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவனுக்குச் சில வருஷங்கள் அதை விற்கும் ஏகபோக உரிமை. அதற்குப் பேடண்ட் என்று பெயர். தவணை முடிந்ததும் சொத்து மகனுக்கும் இல்லை, மருமகனுக்கும் இல்லை, ஊர்ப் பொது. அப்போது மற்றவர்கள் அதே மருந்தைச் செய்யலாம். கண்டுபிடித்த செலவு அவர்களுக்கு இல்லை; போட்டியும் வந்துவிடுகிறது. ஆகவே விலை விழுகிறது. ஜெனரிக் மருந்து மலிவாக இருப்பதன் ரகசியம் இவ்வளவே. சரக்கு மட்டம் என்பதால் வந்த மலிவல்ல.

வெள்ளைக்காரர் காலத்து 1911-ஆம் வருஷச் சட்டம் மருந்துப் பொருளுக்கே பேடண்ட் கொடுத்தது; 16 வருஷம் நீடித்தது. சுதந்திரம் வந்த பிறகும் அதுவே நடந்தது. இதன் பலன் என்ன? அமெரிக்க செனட்டர் கீஃபாவர் தலைமையில் 1959 முதல் மருந்து விலைகளை விசாரித்த குழு, உலகத்திலேயே மருந்து விலை மிக அதிகமான நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று கண்டது. ஏழை நாட்டில் பணக்கார விலை!

அதே 1959-இல் ஒரு தமிழர் இதற்கு வழி எழுதினார். சென்னை ஹைக்கோர்ட்டு நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார், பேடண்ட் சட்டத்தை ஆராய்ந்து மத்திய சர்க்காருக்கு அறிக்கை கொடுத்தார். இங்கே பதிவாகும் பேடண்டுகளில் பெரும்பகுதி அந்நியருடையவை. அவற்றை வைத்து இங்கே தொழில் நடத்துவதைக் காட்டிலும் சந்தையைப் பூட்டி வைக்கிறார்கள் என்று எடுத்துக்காட்டினார். உணவுக்கும் மருந்துக்கும் செய்முறைக்கு மட்டும் பேடண்ட் கொடுத்தால் போதும், பொருளுக்கு வேண்டாம் என்றார். அந்த யோசனை 1970-இல் சட்டமாகி, 1972 ஏப்ரல் 20-இல் அமலுக்கு வந்தது. மருந்துச் செய்முறைப் பேடண்டுக்கு ஐந்து அல்லது ஏழு வருஷம்தான் ஆயுள். வேறு வழியில் அதே மருந்தைச் செய்ய யாருக்கும் தடையில்லை.

அதன் பிறகு நடந்தது பெரிய கதை. இந்திய ரசாயன நிபுணர்கள் புது வழி கண்டார்கள், தொழிற்சாலைகள் பெருகின. எய்ட்ஸ் நோய்க்கான கூட்டு மருந்து மேல்நாட்டில் ஆளுக்கு வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது. 2001-இல் பம்பாயின் சிப்லா கம்பெனி அதையே வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவு. ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் பிழைத்ததற்கு அது ஒரு வாசல் திறந்தது.

உலகத்துக்கு மலிவாகக் கொடுத்த நம் நாட்டிலேயே நாம் ஏன் பெயருக்குக் காசு கொடுக்கிறோம்? 1975-இல் ஜெய்சுக்லால் ஹாத்தி தலைமையிலான குழு, மருந்துகளின் பிராண்ட் பெயர்களைப் படிப்படியாக ஒழித்துவிடலாம் என்று சிபாரிசு செய்தது. ஆஸ்பிரின் முதலான ஐந்து மருந்துகளில் தொடங்கிப் பார்த்தார்கள். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. திட்டம் அதோடு நின்றது. இன்று நம் மருந்துக் கடைகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை பேடண்ட் முடிந்த பழைய மருந்துகள்தாம்; ஆளுக்கொரு செல்லப் பெயர் சூட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரே தொழிற்சாலையில் பல கம்பெனிகளுக்கு மருந்து தயாராவதும் உண்டு. அட்டை வேறு, பெயர் வேறு, விலை வேறு. இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. கடையில் ஜெனரிக் என்று கொடுக்கும் அட்டையிலும் சில சமயம் கொழுத்த விலை அச்சடித்திருக்கும். கடைக்காரர் வாங்கிய விலை அதில் ஒரு சிறு பகுதியே. மலிவு நடுவழியில் நின்றுவிடுகிறது. நோயாளி வரை வருவதில்லை.

இந்த இடத்தில் தமிழ்நாடு செய்த காரியத்தைச் சொல்லாமலிருக்க முடியாது. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஏற்பட்டது. 1995 தொடக்கத்தில் வேலையை ஆரம்பித்தது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மருந்துகளைப் பொதுப் பெயரிலேயே, பகிரங்க டெண்டர் மூலம் மொத்தமாக வாங்குவது அதன் பணி. வந்த சரக்கில் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, சோதனைச் சாலைக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். தேறாத கம்பெனி கறுப்புப் பட்டியலில் ஏறும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாங்குப் புத்தகம்போல் ஒரு பாஸ்புக். அதில் வரவு இருக்கிற மட்டும் மருந்து எடுத்துக்கொள்ளலாம். ராஜஸ்தான் 2011-இல் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியபோது இதைத்தான் மாதிரியாகக் கொண்டது. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று வாங்கும் அட்டை இந்த வழியாகத்தான் வருகிறது.

ஆனால் ஜனங்கள் நம்ப வேண்டுமே! எங்கள் தெருவில் ஓர் ஆச்சி இருக்கிறாள். ரத்தக் கொதிப்பு. ஆசாரிபள்ளத்தில் சும்மா கொடுக்கிற மாத்திரையை வாங்கி வந்து அலமாரியில் வைத்துவிட்டு, கடையில் காசு கொடுத்து வேறு மாத்திரை வாங்குகிறாள்.

“ஏன் ஆச்சி இப்படி?” என்று கேட்டேன்.

“மக்கா, ஓசில குடுக்க மருந்துல என்ன இருக்கும்? வெறும் சுண்ணாம்பாட்டு இருக்கும். காசு குடுத்து வாங்குனாத்தான் தீனம் கேக்கும், பாத்துக்கோ.”

“அப்போ கடை மாத்திரை தினம் சாப்பிடுதியளா?”

“தினமுமா? எங்க முடியுது! ஒண்ணுவிட்டு ஒரு நாள் திம்பேன்.”

இரண்டு அட்டைகளையும் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பெரிய எழுத்து வேறு. சின்ன எழுத்து இரண்டிலும் ஒன்றேதான்: அம்லோடிபின், 5 மில்லி கிராம். ரத்தக் கொதிப்பு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் தின்பது, மழை பெய்கிற இரவில் ஒருநாள் விட்டு ஒருநாள் கதவைச் சாத்துவது போலத்தான். பெயரின் மேல் வைத்த நம்பிக்கை ஆச்சியின் பணத்தை மட்டுமா பறித்தது? மருந்தில் பாதியையும் பறித்துவிட்டது.

ஆச்சியின் சந்தேகத்தை ஒரேயடியாகச் சிரித்துத் தள்ளிவிடவும் நான் தயாராயில்லை. மாத்திரையில் மருந்து கொஞ்சம்; மற்றதெல்லாம் உருவம் கொடுக்கும் மாவு. அந்த மாவு மாறினால் மருந்து ரத்தத்தில் சேரும் அளவு மாறக்கூடும். 1968-ஐ ஒட்டி ஆஸ்திரேலியாவில், வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயின் சாப்பிட்ட பலருக்குத் திடீரென்று விஷக்குறிகள் கண்டன. விசாரித்தால், உள்ளே போடும் மாவை மாற்றியிருந்தார்கள். ஆகவேதான் ஜெனரிக் மருந்தை ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்து, ரத்தத்தில் அசல் மருந்தைப் போலவே சேருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் 1996 முதல் 2007 வரை நடந்த 2,070 ஒப்பீடுகளைக் கூட்டிப் பார்த்தபோது, சராசரி வித்தியாசம் நூற்றுக்கு நாலு அளவிலேயே இருந்தது. இந்தியாவில் எளிதில் கரையாத மருந்துகளுக்கு இந்த ஒப்பீடு 2017-இல்தான் கட்டாயமாயிற்று. வலிப்பு, தைராய்டு, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் வார்ஃபரின் போன்றவற்றில் சிறு மாற்றமும் கணக்கில் வரும். அவற்றை டாக்டரைக் கேளாமல் மாதம் ஒரு தயாரிப்பாக மாற்றக்கூடாது.

ஆனால் பெயர் பெற்ற மருந்தில் ஆபத்தில்லை என்று சொல்ல முடியுமா? மேலே சொன்ன ஆஸ்திரேலிய விபத்து பெயர் பெற்ற தயாரிப்பில் நேர்ந்தது. டை எத்திலீன் கிளைகால் என்று ஒரு விஷத் திரவம். 1937-இல் அமெரிக்காவில் அது கலந்த மருந்தால் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 1972-இல் சென்னையிலேயே குழந்தைகள் பலியானார்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கொன்ற இருமல் மருந்து, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாராகி, கோல்ட்ரிஃப் என்ற பிராண்ட் பெயரோடு போனது. சோதனையில் அதில் ஏறக்குறையப் பாதி இந்த விஷம் இருந்தது. பளபளப்பான பெயர் அந்தக் குழந்தைகளைக் காக்கவில்லை. தொழிற்சாலை வாசலில் நின்று மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டிய இன்ஸ்பெக்டர் பார்த்திருந்தால் காத்திருப்பார். ஆக, சண்டை பெயருக்கும் பெயரின்மைக்கும் அல்ல. சோதித்த மருந்துக்கும் சோதிக்காத மருந்துக்கும்தான்.

சட்டத்தின் கதை 1972-ஓடு முடியவில்லை. உலக வர்த்தக ஒப்பந்தத்தின்படி 2005-இல் மருந்துப் பொருளுக்குப் பேடண்ட் மறுபடி வந்தது. பழைய மருந்தைச் சற்றே திருத்தி, குணம் கூடாமல், புதுப் பேடண்ட் கேட்கக்கூடாது என்று ஒரு பிரிவையும் பார்லிமெண்ட் சேர்த்து வைத்தது. அதன் பரீட்சை சென்னையில் நடந்தது. ரத்தப் புற்றுநோய்க்கான கிளீவெக் என்ற மருந்துக்கு நோவார்ட்டிஸ் கம்பெனி பேடண்ட் கேட்டது. சென்னைப் பேடண்ட் ஆபீஸ் 2006-இல் மறுத்தது. அந்தப் பிரிவே செல்லாது என்று கம்பெனி தொடுத்த வழக்கை 2007-இல் சென்னை ஹைக்கோர்ட்டு தள்ளியது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று சுப்ரீம் கோர்ட்டும் பேடண்ட் இல்லை என்றது. அப்போது அந்த மருந்து மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாயாக இருந்தது. அதன் ஜெனரிக் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குள் கிடைத்தது. வீட்டை விற்பதற்கும் நகையை அடகு வைப்பதற்கும் இடையிலுள்ள தூரம் அது.

மருந்தைக் கண்டுபிடிக்கிறவனுக்கு ஊதியம் வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும், அதற்குத்தான் தவணை. தவணை முடிந்த பிறகும் பெயரைக் காட்டி வாடகை வசூலிப்பதைத்தான் நான் கேள்வி கேட்கிறேன். டாக்டர்கள் பொதுப் பெயரிலேயே மருந்து எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டு தொடக்கத்தில் விதி போட்டது; அதே மாதம் 23-ஆந் தேதி நிறுத்தி வைத்தது. தரம் நிச்சயமாகாமல் எப்படி எழுதுவது என்று டாக்டர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் பெயரைக் காப்பாற்றுவதில் இல்லை. சோதனைச் சாலைகளைப் பெருக்குவதில் இருக்கிறது. மலிவு மருந்துக் கடைகளோ பெருகிக்கொண்டிருக்கின்றன. மத்திய சர்க்காரின் மக்கள் மருந்தகம் 2008-இல் தொடங்கியது. 2025 பிப்ரவரி 24-இல் தமிழ்நாடு சர்க்கார் ஒரே நாளில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது.

வாசகர்களுக்கு ஒரு சிறிய வேண்டுகோள். அடுத்த முறை மருந்து வாங்கும்போது, அட்டையைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படியுங்கள். அந்தப் பொதுப் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். “இதே மருந்து குறைந்த விலையில் இருக்கிறதா, மாற்றிக்கொள்ளலாமா?” என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். மாற்றலாம் என்று அவர் சொன்னால் மாற்றுங்கள். சொல்லாவிட்டால் காரணம் கேளுங்கள். மிஞ்சுகிற காசு பெரிதல்ல என்று தோன்றலாம். ஆனால் அந்தக் காசில்தான் பல வீடுகளில் மாதத்தின் கடைசிப் பத்து நாள் மாத்திரை இருக்கிறது.